அளக்காமல் கழற்றாதீர்கள்: பழைய ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு ஜோடி ஆக்டிவ் ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் 40 கிலோ இருக்கும். பின்பக்கம் ஆம்ப்ளிஃபயர் இருந்த இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அதன் மேல் ஒரு பிளைவுட் துண்டு, அதில் புத்தம்புதிய கிளாஸ் டி மாட்யூல் (சிறிய, அதிகம் சூடாகாத ஆம்ப்ளிஃபயர்) மூன்று, ஒலியை எண்களாக்கிக் கணக்கிட்டு மாற்றும் டிஎஸ்பி போர்டு ஒன்று. வேலை படு சுத்தம். கம்பிகளுக்கு நிறம் பார்த்து உறை மாட்டியிருந்தார்கள். "சார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டுக் கேட்கப் பிடிக்கவில்லை" என்றார் ஒருவர். பழைய போர்டு எங்கே என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த விழிப்பு எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நானும் அப்படித்தான் விழித்தேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கெபாசிட்டரின் பிளஸ் மைனஸ், சால்டரிங் முனையின் சூடு, திருகுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டு வைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றில் தவறினால் புகையோ வெடிச்சத்தமோ உடனே சொல்லிக்கொடுத்துவிடும். எந்தச் சத்தமும் போடாமல் நம்மைக் கெடுக்கும் தவறுகள் வேறு.

ஆக்டிவ் ஸ்பீக்கர் என்று நான் சொல்வது, தாழ்ந்த ஒலிக்கான வூஃபர், நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச், உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டர் ஆகிய டிரைவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்து, ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவர் வேலையை அந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு முன்னாலேயே சிறு மின்னழுத்தத்தில் முடித்துவிடும் பெட்டியை. உள்ளே பேட்டரியோ புளூடூத்தோ வைத்த எல்லாவற்றையும் இப்போது அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். அது வேறு கதை.

பழைய போர்டை அளக்காமல் கழற்றி எறிவது

இந்தத் தவறுக்கு மட்டும் என்னிடம் பொறுமை கிடையாது. நான் செய்த தவறு என்பதும் ஒரு காரணம்.

என்னிடம் வந்தது ஒரு மூவழிப் பெட்டி. 12 அங்குல வூஃபர், ஒரு டோம் (குவிமாட வடிவ) மிட்ரேஞ்ச், ஒரு டோம் ட்வீட்டர். வயது முப்பதுக்கு மேல். ஒரு பெட்டியில் ஓயாத இரைச்சல், இன்னொன்றில் மிட்ரேஞ்ச் விட்டு விட்டுப் பேசியது. திறந்து பார்த்தால் கிராஸ்ஓவர் போர்டில் பதினான்கு ஆப்-ஆம்ப் (சிறு பெருக்கி ஐசி), சுற்றிலும் பழுப்பேறிய பசை. அதைப் பழுதுபார்ப்பது பழங்காலத்து வேலை என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையில் புதிதாக ஒரு டிஎஸ்பி போர்டு இருந்தது. சர்வீஸ் கையேட்டில் பிரிவு அலைவெண்கள் 450 ஹெர்ட்ஸ், 2,800 ஹெர்ட்ஸ் என்றும், சரிவு ஆக்டேவுக்கு (அலைவெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த எண்களை டிஎஸ்பியில் தட்டினேன், பழைய போர்டுகளைக் குப்பையில் போட்டேன், புது மாட்யூல்களைப் பொருத்தினேன்.

இரைச்சல் போயிற்று. பெட்டியின் குரலும் சேர்ந்து போயிற்று. ஆண் குரல்களில் நெஞ்சு காணாமல்போனது. வயலின் ஒரு சுரத்தில் முன்னால் வந்தது, அடுத்த சுரத்தில் பின்னால் ஒதுங்கியது. உரிமையாளர் வயதானவர், மரியாதை தெரிந்தவர். பத்து நிமிடம் கேட்டார். "பழையதைத் திரும்பப் பொருத்திவிட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு மாதம் அந்த டிஎஸ்பி திரையில் வரைகோடுகளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாகவில்லை. அப்புறம் தற்செயலாக அதே மாடல் இன்னொரு ஜோடி வேறொருவரிடமிருந்து சிறு பழுதுக்காக வந்தது. அதன் போர்டை அளந்தபோதுதான் நான் தூக்கி எறிந்தது என்ன என்று தெரிந்தது.

முதலாவது, கையேடு சொன்ன 24 டெசிபெல் சரிவு காற்றில் கேட்கும் சரிவு. போர்டு தரும் சரிவு அது இல்லை. மிட்ரேஞ்ச் டோமின் ஒத்ததிர்வு 400 ஹெர்ட்ஸுக்கு அருகில் இருந்தது. அதற்குக் கீழே டோம் தன் இயல்பாலேயே ஆக்டேவுக்கு 12 டெசிபெல் சரியும். வடிவமைத்தவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, போர்டில் வெறும் 12 டெசிபெல் வடிகட்டியை மட்டும் வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து 24. நான் என்ன செய்தேன்? டோமின் 12உடன் டிஎஸ்பியின் 24ஐச் சேர்த்து 36 ஆக்கினேன். வூஃபரும் மிட்ரேஞ்சும் சந்திக்கும் இடத்தில் அலைகளின் கட்டம் (ஃபேஸ்) கலைந்து ஒன்றையொன்று தின்றுவிட்டன. நெஞ்சு போன இடம் அதுதான்.

இரண்டாவது, ட்வீட்டர் வழியில் இரண்டு ஆப்-ஆம்ப் எதுவுமே செய்யாமல் இருப்பதுபோலத் தெரிந்தன. உள்ளே போகும் ஒலியின் அளவும் வெளியே வரும் ஒலியின் அளவும் எல்லா அலைவெண்ணிலும் ஒன்றே. வரைபடத்தில் அவற்றைப் பார்த்தபோது "பழைய ஆட்கள் வீணாகச் செலவழித்திருக்கிறார்கள்" என்று மனத்துக்குள் சிரித்திருந்தேன். அவை ஆல்-பாஸ் வடிகட்டிகள். அளவைத் தொடாமல் காலத்தை மட்டும் தாமதிப்பவை. ட்வீட்டரின் ஒலி பிறக்கும் இடம் மிட்ரேஞ்சைவிட ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் முன்னால் இருந்தது. 2,800 ஹெர்ட்ஸின் அலைநீளமே 122 மில்லிமீட்டர்தான். அந்த 30 மில்லிமீட்டர் ஏறக்குறைய கால் சுற்றுக்குச் சமம். 1976இல் பொறியாளர் ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் விளக்கிய வகை கிராஸ்ஓவரில், பிரிவு அலைவெண்ணில் இரு டிரைவர்களும் தலா 6 டெசிபெல் தாழ்ந்து, ஒரே கட்டத்தில் சேர்ந்து முழு அளவைத் தர வேண்டும். கால் சுற்று பிசகினால் நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு 3 டெசிபெல் பள்ளம் கிடைக்கும். போதாதற்கு, ஒலிக்கற்றையும் மேலோ கீழோ சாய்ந்துகொள்ளும். நாற்காலியில் நிமிர்ந்தால் ஒரு ஒலி, சாய்ந்தால் வேறு ஒலி.

மூன்றாவது, வூஃபர் வழியில் மெல்லிய ஏற்றம் ஒன்று. பெட்டியின் முகப்பு 300 மில்லிமீட்டர் அகலம். ஏறத்தாழ 380 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி முன்பக்கம் மட்டும் நிற்காமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டும் ஏற்றம் அது. நான்காவது, ட்வீட்டர் வழியில் அளவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரிம்மர்கள் இடப்பெட்டியிலும் வலப்பெட்டியிலும் ஒன்றரை டெசிபெல் வித்தியாசத்தில் நின்றன. பழுது என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு டிரைவரையும் அளந்து, அதன் உணர்திறனுக்கு ஏற்பத் திருகியிருக்கிறார்கள். என் முதல் ஜோடியின் அந்த எண்கள் குப்பையோடு போய்விட்டன. இரண்டாவது ஜோடியின் அளவுகளை வைத்து முதல் ஜோடியை ஓரளவுக்கு மீட்டேன். ஓரளவுக்குத்தான். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது யாராவது "டிஎஸ்பியில் எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்று சொன்னால் எனக்குக் காது சிவக்கிறது. எதை நோக்கிச் சரிசெய்வது? அந்தப் போர்டு மின்னணுக் குப்பை கிடையாது. அந்தப் பெட்டி எப்படி ஒலிக்க வேண்டும் என்று வடிவமைத்தவர் எழுதிவைத்த ஒரே ஆவணம் அது.

அளப்பது பெரிய வித்தை இல்லை. ஒரு நல்ல சவுண்ட் கார்டு, ரூம் ஈக்யூ விஸார்ட் போன்ற ஒரு மென்பொருள், அரை நாள் அமைதி போதும். டிரைவர்களைக் கழற்றி, ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலும் 8 ஓம் பவர் ரெசிஸ்டரை மாட்டுங்கள். வெளியீட்டு மின்னழுத்தம் சவுண்ட் கார்டைக் கொன்றுவிடாமல் இருக்க 10 கிலோஓம், 1 கிலோஓம் ரெசிஸ்டர்களால் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்து எடுங்கள். அதற்கு முன், ஆம்ப்ளிஃபயரின் மைனஸ் முனை உண்மையிலேயே கிரவுண்டுதானா என்று மீட்டரால் பார்த்துவிடுங்கள். 10 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் ஒலியைக் கொடுத்து, அளவையும் கட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள். சவுண்ட் கார்டின் இரண்டாவது சேனலை நேராக அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டுக் காலத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வழிகளுக்கு இடையிலான தாமதம் தெரியாது. ஒவ்வொரு வழிக்கும் ஒன்று, இரு பெட்டிக்கும்: மூவழிப் பெட்டிக்கு ஆறு கோப்புகள்.

பிறகு அதே அளவீட்டை மெல்லிய ஒலியில் ஒருமுறை, 10 டெசிபெல் கூட்டி ஒருமுறை, இன்னும் 10 கூட்டி ஒருமுறை எடுங்கள். மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் நிம்மதி. படியாமல் கீழ்ப்பகுதி மட்டும் தட்டையாகிக்கொண்டே வந்தால், உள்ளே ஒரு லிமிட்டர் வூஃபரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். டிஎஸ்பியில் அதையும் நீங்கள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வூஃபரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்து அதை நினைவூட்டும்.

ஒரு பெட்டி செத்திருந்தால் உயிருள்ள பெட்டியை அளங்கள். இரண்டும் செத்திருந்தால் முதலில் போர்டைப் பழுதுபாருங்கள், அளங்கள், அதற்குப் பிறகு மாற்றுங்கள். கழற்றப்போகும் போர்டை எதற்காகப் பழுதுபார்ப்பது என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள நான்கு மாதக் கதையை இன்னொரு முறை படிக்கச் சொல்கிறேன்.

புதிய டிஎஸ்பியின் முதல் வேலை பழைய கோடுகளை அப்படியே நகலெடுப்பது. அரை டெசிபெலுக்குள் படிய வேண்டும், வழிகளுக்கு இடையிலான கட்டமும் படிய வேண்டும். எல்லா வழிக்கும் பொதுவாக இருக்கும் சில மில்லிசெகண்ட் தாமதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு வழிக்கும் இன்னொரு வழிக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. நகல் படிந்த பிறகு மைக் வைத்து அளந்து, முதிர்ந்த டிரைவர்களுக்கு ஏற்பத் திருத்துங்கள், மேம்படுத்துங்கள். டிஎஸ்பியின் உண்மையான பெருமை அப்போதுதான் தெரியும். எனக்கு டிஎஸ்பி மேல் எந்தக் கோபமும் இல்லை.

சில பெட்டிகளில் இந்த நகலும் உதவாது. 1970களில் ஃபிலிப்ஸ் விற்ற மோஷனல் ஃபீட்பேக் பெட்டிகளில், வூஃபர் கோனின் அசைவை அளக்க ஒரு பீசோ உணரி இருக்கும். ஆம்ப்ளிஃபயர் அந்த அசைவைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். சிறிய பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பாஸ் வந்ததன் ரகசியம் அது. ஸ்வீடனின் ஆடியோ ப்ரோ நிறுவனம் ஏஸ்-பாஸ் என்ற பெயரில் வேறு வழி பிடித்தது: ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்தடையை எதிர்மறையாக்கி, வூஃபர் காயிலின் மின்தடையை ரத்து செய்வது. இவற்றில் ஆம்ப்ளிஃபயரும் வூஃபரும் தாயும் பிள்ளையும் போல. சாதாரண மாட்யூலை மாட்டினால் எவ்வளவு துல்லியமான டிஎஸ்பியும் பழைய பாஸைத் தராது. இத்தகைய பெட்டியை டிரைவர்களைப் பொருத்திய நிலையிலேயே அளக்க வேண்டும். ரெசிஸ்டரை வைத்து அளந்தால் வரும் கோடு பொய். என்னைக் கேட்டால், இவற்றின் போர்டைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்வதே மரியாதை.

ட்வீட்டரை மாட்யூலோடு நேராக இணைப்பது

ஆம்ப்ளிஃபயர் வெளியே இருக்கும் பாஸிவ் பெட்டியில் ட்வீட்டருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர் நிற்கும். டிஎஸ்பி வந்ததும் அது தேவையில்லை என்று தோன்றும். கோட்பாட்டில் உண்மைதான். நடைமுறையில், டிஎஸ்பியில் புதிய அமைப்பை ஏற்றும் அந்த ஒரு நொடியில் எந்த வடிகட்டியும் இல்லாமல் முழு ஒலியும் ட்வீட்டருக்குப் போகக்கூடும். அல்லது மாட்யூல் மின்சாரம் பெறும்போது ஒரு "டப்". அல்லது தூக்கக் கலக்கத்தில் வூஃபர் சேனலையும் ட்வீட்டர் சேனலையும் நீங்களே மாற்றிச் செருகுவது. மூன்றாவது வகையில் நான் ஒரு ட்வீட்டரை இழந்தேன். அந்த மாடலுக்கு மாற்று ட்வீட்டர் எங்குமே கிடைக்கவில்லை.

6 ஓம் ட்வீட்டரின் பிரிவு 2,500 ஹெர்ட்ஸ் என்றால், இரண்டு ஆக்டேவ் கீழே, ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸில் வேலையைத் தொடங்கும் கெபாசிட்டர் போதும். கணக்குப் போட்டால் 44 மைக்ரோஃபாரட் வரும். 47 கிடைக்கும், ஃபிலிம் வகையாகப் பார்த்துப் போடுங்கள். அது ட்வீட்டரின் ஒத்ததிர்வோடு சேர்ந்து சிறு மேடு உண்டாக்கும் என்பதால், கெபாசிட்டரைப் பொருத்திய பிறகே ஒலி அளவீட்டை எடுக்க வேண்டும். புதிய அமைப்பை ஏற்றிச் சோதிக்கும் வரை ட்வீட்டர் இருக்கும் இடத்தில் ஒரு ரெசிஸ்டர் இருக்கட்டும். அதை எரித்தாலும் மனம் எரியாது.

காப்பு எர்த் கம்பியைக் கழற்றி இரைச்சலைத் தீர்ப்பது

கூடாது. இரைச்சல் கொல்லாது, மின்சாரம் கொல்லும்.

மாட்யூலின் கெயினைப் பார்க்காமல் வாங்குவது

"வாட்ஸ் எவ்வளவு" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கெயின் எவ்வளவு, அதாவது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். புதிய டிஎஸ்பி 2 வோல்ட் வெளியீடு தருகிறது, மாட்யூலின் கெயின் 26 டெசிபெல், அதாவது இருபது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். முழு அளவில் 40 வோல்ட். 8 ஓமில் அது 200 வாட். உங்கள் ட்வீட்டர் தாங்குவது 10 வாட், அதற்கு 9 வோல்ட் போதும். மீதி 13 டெசிபெல் எதற்குப் பயன்படுகிறது? டிஎஸ்பியின் வெளியீட்டில் இருக்கும் "ஸ்ஸ்ஸ்" ஒலியைப் பெருக்குவதற்கு.

இதை டிஎஸ்பிக்குள் அளவைக் குறைத்துத் தீர்க்கப் பார்ப்பார்கள். அப்போது பாட்டின் அளவு மட்டும் குறையும், இரைச்சல் அப்படியே நிற்கும். டிஎஸ்பிக்கும் மாட்யூலுக்கும் நடுவில் இரண்டு ரெசிஸ்டர்களால் 12 டெசிபெல் குறைத்துவிட்டால், டிஎஸ்பியின் இரைச்சலும் 12 டெசிபெல் குறையும். சில காசுகளில் முடியும் வேலை. பழைய போர்டுகளில் ட்வீட்டர் ஆம்ப்ளிஃபயரின் கெயின் வூஃபருடையதைவிடக் குறைவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

மூன்று டிரைவருக்கு நான்கே கம்பி

சில பழைய பெட்டிகளில் மூன்று டிரைவர்களின் மைனஸ் முனைகளும் உள்ளே ஒரே கம்பியில் சேர்ந்திருக்கும். அந்த ஆம்ப்ளிஃபயர்களில் மைனஸ் என்றால் கிரவுண்ட் என்பதால் பிரச்சினை இல்லை. இன்றைய கிளாஸ் டி மாட்யூல்களில் பல பிரிட்ஜ் வகை. அவற்றின் இரு வெளியீட்டு முனைகளும் துடிக்கும், எதுவும் கிரவுண்ட் கிடையாது. பழைய கம்பிக் கட்டோடு அவற்றை இணைத்தால் மூன்று மாட்யூல்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நல்ல மாட்யூல் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், மலிவானது புகைவிடும். ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அத்தகைய வெளியீட்டில் மாட்டுவதும் இதே கணக்கு. புதிதாக ஆறு கம்பி இழுங்கள்.

கண்ணில் பட்ட கெபாசிட்டரையெல்லாம் மாற்றுவது

எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் வயதாகும் என்பது உண்மை. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது நாங்கள் எல்லாரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதிய கெபாசிட்டர் 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். நிறையப் போல இருக்கிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம், பெட்டியை எவரும் அணைப்பதே இல்லை. நான்கு ஆண்டுகூட ஆகாது. எனவே ஹீட்சிங்க்குக்குப் பக்கத்தில் நிற்பவற்றைத் தயங்காமல் மாற்றலாம்.

அதற்காக வடிகட்டிப் பகுதியில் இருக்கும் ஃபிலிம், பாலிஸ்டைரின் கெபாசிட்டர்களில் கைவைக்க வேண்டாம். அவை வயதாவது மிக மெதுவாக, அவற்றின் துல்லியத்தில்தான் கிராஸ்ஓவர் நிற்கிறது. பாலிஸ்டைரின் சால்டரிங் சூட்டுக்கே உருகும். ஒருவர் அவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டுச் சிறிய எக்ஸ்7ஆர் செராமிக் வகையை வைத்துக்கொண்டு வந்தார். அந்த வகையின் கொள்ளளவு மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறும், தட்டினால் மைக்ரோஃபோன்போலப் பேசும். அவர் உண்மையில் தேடியது அப்படி மாறாத சி0ஜி வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பவர் சப்ளையில் 10,000 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22,000 போட்டால் பாஸ் கூடும் என்ற நம்பிக்கை எப்படிப் பரவியதோ தெரியவில்லை. சுவிட்ச் போடும்போது டயோடுகள் தாங்க வேண்டிய மின்னோட்டம்தான் கூடும். அப்புறம், ஒலிப்பாதையில் துருவமற்ற எலக்ட்ரோலிடிக் இருந்தால் அந்த இடத்துக்குத் துருவமற்றதே வர வேண்டும்.

மஞ்சள் பசையை விட்டுவைப்பது

உறுப்புகளை அசையாமல் பிடிக்க அந்தக் காலத்தில் ஊற்றிய பசை, வயதாகிப் பழுப்பேறினால் மின்சாரத்தைக் கடத்தும், உறுப்புகளின் கால்களை அரிக்கும். சுரண்டி எடுங்கள்.

மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் ஒளிபுகும் காகிதக் கெபாசிட்டர்

விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருப்பதற்குப் புதிய எக்ஸ்2 வகை ஃபிலிம் போதும், எர்த்துக்குப் போவதற்கு ஒய் வகைதான் வர வேண்டும்.

ஆப்-ஆம்ப்பை வேகமானதாக மாற்றுவது

சாக்கெட்டில் இருக்கும் ஐசியைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகுவது எளிது என்பதாலேயே எல்லாரும் இதில் இறங்குகிறார்கள். டிஎல்072 இருந்த இடத்தில் என்இ5532ஐப் போடுவது மிகப் பிரபலம். இரண்டும் நல்ல ஐசிகள், ஆனால் குணம் வேறு. டிஎல்072இன் உள்ளீடு ஜேஃபெட் வகை, உறிஞ்சும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். என்இ5532 ஏறத்தாழ 200 நானோஆம்பியர் உறிஞ்சும். உள்ளீட்டில் 100 கிலோஓம் ரெசிஸ்டர் இருந்தால் 20 மில்லிவோல்ட் டிசி பிறக்கும். அடுத்துள்ள ஆம்ப்ளிஃபயர் டிசியையும் பெருக்கும் வகையாக இருந்தால், இருபது மடங்கில் அது 0.4 வோல்ட். வூஃபர் கோன் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ளும்.

மின்னோட்டச் செலவும் உண்டு. டிஎல்072க்கு 2.8 மில்லிஆம்பியர், என்இ5532க்கு 8. பத்து ஐசி மாற்றினால் கூடுதலாக 52 மில்லிஆம்பியர். அவற்றுக்கு மின்சாரம் தரும் முப்பது ஆண்டுக்கு முந்தைய ரெசிஸ்டரும் ஸீனர் டயோடும் அதைச் சுமக்கும் என்று யார் சொன்னது?

இன்னும் வேகமானவற்றைச் செருகுபவர்கள், ஐசியின் கால்களுக்கு மிக அருகில் மின்வழங்கலை நிலைப்படுத்தும் 0.1 மைக்ரோஃபாரட் டீகப்ளிங் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இல்லாவிட்டால் ஐசி மெகாஹெர்ட்ஸில் தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கும், நமக்குக் கேட்காது. விரலை வைத்தால் சுடும். "ஒலியில் புதிதாக ஒரு காற்றோட்டம் வந்திருக்கிறது" என்று ஒருவர் மகிழ்ந்து சொன்னதை ஸ்கோப்பில் பார்த்தபோது, அது 4 மெகாஹெர்ட்ஸ் அலைவாக இருந்தது.

ஒரு பெட்டியை மட்டும் மேம்படுத்துவது

ஜோடி என்றால் ஜோடி.

பயாஸ் ட்ரிம்மரைச் சும்மா திருகிப் பார்ப்பது

பழைய ஆம்ப்ளிஃபயரையே வைத்துக்கொள்ள முடிவுசெய்தவர்களுக்கு: வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்களில் பாட்டு இல்லாதபோதும் ஓடும் மின்னோட்டத்தை (பயாஸ்) அமைக்கும் அந்தச் சிறு ட்ரிம்மரின் உள்முனை ஆக்சைடு படிந்திருக்கும். பல வடிவமைப்புகளில் அந்தத் தொடுகை ஒரு கணம் விட்டுப்போனால் மின்னோட்டம் உச்சத்துக்குப் போய் வெளியீட்டு டிரான்ஸிஸ்டர்கள் ஒரே மூச்சில் போய்விடும். முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், மின்சாரத்தைத் துண்டித்துப் புதிய ட்ரிம்மரை அதே அளவில் வைத்துப் பொருத்துங்கள், பல்பைத் தொடரில் இணைத்து மெதுவாக எழுப்புங்கள். வெப்பத்தை உணரும் சிறு டிரான்ஸிஸ்டர் ஹீட்சிங்க்கோடு திரும்ப ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியீட்டுக்கு 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 டிரான்ஸிஸ்டர்களை வாங்குபவர்கள் போலிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்விப்படாதவர்கள் வாங்கியதும் தெரிந்துகொள்வார்கள்.

பெட்டி காற்றுப்புகாதது என்பதை மறப்பது

பழைய ஆம்ப்ளிஃபயர் தகடு வெறும் மூடி கிடையாது, பெட்டியின் ஒரு சுவர். மூடிய பெட்டியில் வூஃபரின் ஸ்பிரிங்கே உள்ளே அடைபட்ட காற்றுதான். அந்த இளைஞர்களின் பிளைவுட் துண்டில் கம்பி நுழையும் ஓட்டை திறந்தே இருந்தது. பாஸ் வரும்போதெல்லாம் அதிலிருந்து சீழ்க்கை. அது டிஎஸ்பியின் பிசகு என்று நினைத்து இரண்டு வாரம் தேடியிருக்கிறார்கள்.

மாட்யூல் சிறியது, சூடாகாது என்று அதைப் பெட்டிக்குள்ளேயே பஞ்சுக்கு நடுவில் வைப்பதும் இதன் உடன்பிறப்பு. கிளாஸ் டி வெப்பம் குறைவாகத்தான் தரும், ஆனால் மூன்று மாட்யூலும் ஒரு பவர் சப்ளையும் நாள் முழுக்க விழித்திருந்தால் அந்த வெப்பம் போக வழி வேண்டும். பின்பக்கம் 4 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போட்டு, மாட்யூல்களை அதன் உட்புறத்தில் வெப்பப் பசையோடு திருகி, அவற்றுக்குப் பின்னால் தனி அறைபோல ஒரு சிறு மரப்பெட்டி கட்டிவிடுகிறேன். அந்த அறை உள்ளே எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய ஆம்ப்ளிஃபயர் பிடித்திருந்த அளவே பிடித்தால் பாஸ் மாறாது.

பாஸ் போதவில்லை என்று டிஎஸ்பியில் அழுத்துவதற்கு முன் இதையெல்லாம் பார்க்க வேண்டும். 45 ஹெர்ட்ஸில் சரியும் மூடிய பெட்டியை 25 ஹெர்ட்ஸ் வரை இழுக்க 10 டெசிபெல் ஏற்றம் தேவை, அதாவது அடியில் பத்து மடங்கு வாட். ஓரத்து ஃபோம் பொடியாகிக்கொண்டிருக்கும் வூஃபரிடம் அதைக் கேட்பது கொடுமை.

கசிவைக் கண்டுபிடிக்க 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிதமாக ஓடவிட்டு, ஈரப்படுத்திய புறங்கையைத் தகட்டின் ஓரங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காற்று எங்கே மூச்சுவிடுகிறதோ அங்கே குளிரும். திருகுத் துளைகள், கம்பித் துளை, எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் உட்புறம் ஆகிய மூன்றிலும்தான் பெரும்பாலும் அகப்படும். சாக்கெட்டுக்குப் பின்னால் சிறிது சிலிக்கான் வையுங்கள். கேஸ்கட் ஒட்டும் முன் பழைய கேஸ்கட்டின் எச்சத்தைச் சுரண்டிவிடுங்கள். அதன் மேலேயே ஒட்டினால் ஒரு வாரத்தில் உரிந்து வந்துவிடும்.